இலவசம் என்றால் யாருக்கு இலவசம்? பிள்ளைகளின் விளையாட்டுக்குச் சமூக நிதி எப்படி வேலை செய்கிறது

கனடாவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பற்றித் தமிழர்கள் பேசும்போது இரண்டு பேச்சுகள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ஊரில் இருப்பவர்கள், "அங்கே எல்லாத்தையும் அரசாங்கமே இலவசமா கொடுத்துடும்" என்பார்கள். டொராண்டோவில் இருப்பவர்கள், "அந்த மானியமெல்லாம் இல்லாதவங்களுக்கு, நமக்கு எதுக்கு?" என்பார்கள்.

முதல் பேச்சு பொய் என்று தெரிந்துகொள்ள ஒரு பிள்ளையை ஒரே ஒரு குளிர்காலத்துக்கு ஐஸ் ஹாக்கியில் சேர்த்தால் போதும். இரண்டாவது பேச்சில் இருக்கும் குழப்பம் ஆழமானது. பிள்ளைகளின் விளையாட்டுக்கு வரும் சமூக நிதியை நாம் தர்மம் என்று நினைத்துக்கொள்கிறோம். சிலர் அதை விளம்பரம் என்கிறார்கள். வேறு சிலர் ஒலிம்பிக் பதக்கத்துக்கான முதலீடு என்கிறார்கள். இவை எதுவும் அதன் மையம் அல்ல.

சமூக நிதி என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது இதைத்தான்: பல கைகளிலிருந்து திரட்டி, ஒரு பகுதியில் வளரும் பிள்ளைகள் எல்லோரும் விளையாடவும் நீந்தவும் ஆடவும் செலவாகும் பணம். திறமையானவர்களைப் பொறுக்கி எடுப்பது அதன் வேலை இல்லை. பந்தை நேராக உதைக்கத் தெரியாத பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

கனடாவை, அதிலும் டொராண்டோவை, உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்தப் பணம் பல வழிகளில் ஓடுகிறது. சில வழிகள் நன்றாக வேலை செய்தன, சில சொதப்பின. அதனால் பார்த்துப் புரிந்துகொள்ள வசதியான இடம்.

திருவிழாக் கணக்கு

ஊர்த் திருவிழாவுக்குப் பணம் எப்படிச் சேர்கிறது? தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வசதியான குடும்பமோ கடைத்தெரு வியாபாரிகளோ ஒருநாள் மண்டகப்படியை ஏற்றுக்கொள்வார்கள். கோயிலுக்கு நிலம் இருந்தால் குத்தகைப் பணம் வரும். பந்தல் கட்டுகிறவர், பாத்திரம் கழுவுகிறவர், இரவெல்லாம் கண்விழித்துக் காவல் இருக்கிறவர் எல்லோரும் போடும் உழைப்பு எந்தக் கணக்கு நோட்டிலும் ஏறாது. கஷ்டத்தில் இருக்கும் வீட்டுக்கு வரியைத் தள்ளுபடி செய்வதும் உண்டு.

அதே திருவிழாவில் இன்னொரு வழக்கமும் சில ஊர்களில் இருக்கிறது. குறிப்பிட்ட சாதிக்காரர்களிடம் வரியே வாங்க மாட்டார்கள். "பணம் மிச்சம்தானே" என்று அவர்கள் சந்தோஷப்படுவதில்லை. எங்களிடமும் வரி வாங்கு என்று கேட்டுப் போராடுகிறார்கள். வரி வாங்கவில்லை என்றால் திருவிழாவில் பங்கும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் மீதி சுலபம். பணம் கட்ட வேண்டாம் என்பது ஒரு விஷயம், பங்காளியாக இருப்பது வேறு விஷயம். துறையில் இருப்பவர்கள் முதலாவதை அணுகல் என்கிறார்கள்: காசு, தூரம், படிக்கட்டு போன்றவை தடுக்காமல் ஒரு பிள்ளை உள்ளே வர முடிவது. இரண்டாவதை உள்ளடக்கம் என்கிறார்கள்: வந்த பிள்ளையை மனதில் வைத்தே அந்த இடமும் நேரமும் விதியும் அமைந்திருப்பது. அணுகலைப் பெரும்பாலும் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். உள்ளடக்கத்துக்குப் பணமும் வேண்டும், யாராவது உட்கார்ந்து யோசிக்கவும் வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

தலைக்கட்டு வரிக்கு இணையானது அங்கே சொத்து வரி. நகராட்சி வீட்டுக்காரர்களிடம் வசூலிக்கும் வரியில் ஒரு பகுதிதான் பூங்காக்களையும் நீச்சல் குளங்களையும் கம்யூனிட்டி சென்டர்களையும் பராமரிக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது. ஆகவே "நமக்கு எதுக்கு" என்று ஒதுங்குகிறவர் தான் ஏற்கெனவே கட்டிய பணத்திலிருந்துதான் ஒதுங்குகிறார்.

குத்தகைப் பணம் போல வருவது லாட்டரி, சூதாட்ட விடுதி வருமானம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் சூதாட்ட வருமானத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 14 கோடி டாலரை ஏறத்தாழ 5,000 தொண்டு அமைப்புகளுக்கு மானியமாகக் கொடுத்துவந்திருக்கிறது. அவற்றில் பிள்ளைகளின் விளையாட்டுச் சங்கங்கள் நிறைய. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 1982-ல் தொடங்கிய, சமூக அமைப்புகளுக்கு மானியம் கொடுக்கும் ட்ரில்லியம் அறக்கட்டளையின் வேரும் லாட்டரிப் பணத்தில்தான். எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. லாட்டரிச் சீட்டு வாங்குவதில் ஏழைகளும் கணிசம். அவர்கள் பையிலிருந்து போனதில் ஒரு துளி அவர்கள் பிள்ளைக்கு மானியமாகத் திரும்பி வருகிறது, அதற்கும் விண்ணப்பம் போட வேண்டும்.

மண்டகப்படிக்காரர்கள் கம்பெனிகள். கனடியன் டயர் என்ற பெரிய சில்லறை வணிக நிறுவனம் 2005-ல் ஜம்ப்ஸ்டார்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கியது. 4 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, வீட்டில் வசதி இல்லையென்றால், பதிவுக் கட்டணம், உபகரணம், போக்குவரத்து போன்றவற்றுக்கு உதவுவது அதன் வேலை. அந்த நிறுவனமேதான் ஹாக்கி மட்டையும் விற்கிறது. நிறையப் பிள்ளைகள் விளையாடினால் அதற்கு லாபம்தான். மண்டகப்படிக்காரர் பெயர் நோட்டீஸில் பெரிய எழுத்தில் வருவதை நாம் தப்பாக எடுத்துக்கொள்வதில்லையே, அதுபோலத்தான் இதுவும்.

கணக்கில் ஏறாத உழைப்பு அங்கேயும் உண்டு. சின்னப் பிள்ளைகளின் அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத அப்பா அம்மாக்கள். அவர்கள் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தால் எந்த மானியத்தாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

இப்படிப் பல கைகள் ஒரே இடத்தில் கூடுவதைப் பார்க்க டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஸ்டெய்ன்ஸ் சாலைக்குப் போகலாம். தமிழ்ச் சமூக மையத்துக்காகத் திட்டமிட்ட இடம் அது. நிலம் நகரத்துடையது. மத்திய அரசும் மாகாண அரசும் 2021-ல் நிதி அறிவித்தன. மீதியைத் திரட்டுவது தமிழ்க் குடும்பங்களின் பொறுப்பு. திட்டத்துக்கான வேலையை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் தன்னார்வலர்கள்.

ஒரு பிள்ளையைத் தடுப்பது எது?

"கட்டணம்" என்று உடனே பதில் வரும். சரிதான், ஆனால் பாதி பதில். ஐஸ் ஹாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட், ஸ்கேட், கால் காப்பு, தோள் காப்பு, கையுறை, மட்டை எல்லாம் வேண்டும். பிள்ளை வளர வளர ஸ்கேட் பத்தாமல் போகும், அடுத்த வருடம் மறுபடி வாங்க வேண்டும். பனித்தளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும், அது பதிவுக் கட்டணத்தில் வந்து உட்காரும். பயிற்சி விடிகாலையில் இருக்கும், கார் இல்லாதவருக்கு அந்த நேரத்துப் பஸ் கைகொடுக்காது. இரவு ஷிஃப்ட் முடித்துவந்த அம்மாவால் எழுந்து கூட்டிப்போக முடியாது.

இவற்றைத் தாண்டி இன்னும் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது தகவல். ஆங்கிலத்தில் வரும் அறிவிப்பைப் படித்து, எந்தத் தேதியில் எந்த இணையப் பக்கத்தில் பதிய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது கூச்சம். என்னிடம் காசு இல்லை என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் கூச்சத்தைப் பற்றி நிதி கொடுப்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஆனால் நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளின் விளையாட்டை முடித்துவைத்தது இதுதான். "அவனுக்கு அதில் இஷ்டமில்லை" என்று பெற்றோர் சொல்லும்போது, பல நேரம் அதன் அர்த்தம் "கேட்க எங்களுக்கு மனசு வரவில்லை" என்பதுதான்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால், பணம் நாலு பக்கமிருந்து வருகிறது, தடைகளோ அதைவிட அதிகம். வந்த பணம் எந்த வழியாகப் பிள்ளையிடம் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் எந்தத் தடை விலகும், எது அப்படியே நிற்கும் என்பது இருக்கிறது. இந்த விஷயத்தில் புரிந்துகொள்ள வேண்டிய இயந்திரம் அந்த வழிதான்.

முதலில் கட்டு, அப்புறம் வாங்கிக்கொள்

2007-ல் கனடா மத்திய அரசு பிள்ளைகளின் உடற்பயிற்சிக்கென்று ஒரு வரிச் சலுகை கொண்டுவந்தது. வரிச் சலுகை என்றால், நீங்கள் செய்த ஒரு செலவைக் காட்டினால் கட்ட வேண்டிய வருமான வரியில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை செலவைக் காட்டலாம், அதில் 15 சதவீதம், அதாவது அதிகபட்சம் 75 டாலர் குறையும்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பு வேறு. முதலில் 500 டாலரைக் கையிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வரிக் கணக்கு காட்டும்போதுதான் 75 டாலர் குறையும். அதைவிட முக்கியம், வருமானம் மிகக் குறைவாக இருந்து வரியே கட்டத் தேவையில்லாத குடும்பத்துக்கு ஒரு காசுகூட வராது. இல்லாத வரியில் எதைக் குறைப்பது?

ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த பெற்றோர்களுக்குத்தான் இப்படி ஒரு சலுகை இருப்பது குறைவாகத் தெரிந்திருந்தது. அதைக் கேட்டு வாங்கியதும் அவர்கள்தான் குறைவு. ஏற்கெனவே பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு அது ஒரு சின்னத் தள்ளுபடி, அவ்வளவுதான். வரி கட்டாத குடும்பங்களுக்கும் பணமாகக் கிடைக்கும்படி 2015-ல் மாற்றினார்கள். அப்போதும் முதலில் கையிலிருந்து கட்டியாக வேண்டும் என்பது மாறவில்லை. 2017-ல் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அரசாங்கம் பிள்ளைகளின் விளையாட்டுக்கு இத்தனை கோடி ஒதுக்கியது என்று செய்தி வந்ததும் நாம் தொகையைத்தான் பார்க்கிறோம். அந்தப் பணம் கட்டணம் கட்டும் நாளில் வருகிறதா, ஒரு வருடம் கழித்து வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பையில் காசில்லாதவருக்கு அந்த நாள்தான் முக்கியம்.

காசு சங்கத்துக்கு நேராகப் போனால்

கிட்ஸ்போர்ட் என்ற அமைப்பு 1993-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி, பிறகு கனடா முழுக்கக் கிளை விட்டது. அதன் முறை எளிமையானது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பெற்றோர் வருமானத்துக்கு ஆதாரம் காட்டி விண்ணப்பித்தால், பதிவுக் கட்டணத்துக்கான பணத்தைக் கிட்ஸ்போர்ட் நேராக விளையாட்டுச் சங்கத்துக்கு அனுப்பிவிடும். பெற்றோர் முதலில் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். ஜம்ப்ஸ்டார்ட்டும் இதே வழியில்தான் போகிறது.

வருமானத்துக்கு ஆதாரம் கேட்டு உதவுவதற்கு வருமானச் சோதனை என்று பெயர். இதில் பணம் வீணாகாது, தேவைப்பட்டவருக்கே போகும். கூச்சத் தடை மட்டும் அப்படியே இருக்கும். விண்ணப்பத் தாள், வரிக் கணக்கு நகல், யாராவது ஒரு பொறுப்பானவரின் கையெழுத்து என்று போகப் போக, உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களில் கொஞ்சம் பேர் பாதியில் விட்டுவிடுவார்கள். நல்ல கிளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்கின்றன. ஆசிரியரோ சமூகப் பணியாளரோ குடும்பத்துக்காகப் பேச அவை வழி வைக்கின்றன. சங்கங்களும் யார் மானியத்தில் வந்த பிள்ளை என்பதை மற்ற பெற்றோருக்குத் தெரியவிடக் கூடாது. தெரிந்துவிட்டால் கட்டணம் இல்லாமல் உள்ளே வந்த பிள்ளை ஓரமாய் நிற்கத் தொடங்கும்.

ஒரு பகுதிக்கே இலவசம்

இங்கேதான் டொராண்டோவின் கதை சுவாரசியமாகிறது. 1998-ல் பழைய டொராண்டோ, ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோக், யார்க், ஈஸ்ட் யார்க் என்ற ஆறு நகராட்சிகளையும் ஒரே நகரமாக்கினார்கள். பழைய டொராண்டோவில் பல வகுப்புகள் இலவசமாக நடந்தன. ஸ்கார்பரோ போன்ற புறநகர்களில் கட்டணம் இருந்தது. ஒரே நகரமான பிறகு ஒரே விதி வேண்டுமே? பொதுவாக எல்லா இடத்திலும் கட்டணம் என்று முடிவானது. ஆனால் வருமானம் குறைந்த குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதிகளில் சில மையங்களை மட்டும் முழுக்க இலவசமாக விட்டார்கள். அந்த மாதிரி மையங்களின் எண்ணிக்கை பின்னர் 39 வரை உயர்ந்தது.

இதை இட அடிப்படையிலான உதவி என்பார்கள். யாரிடமும் வருமானச் சான்று கேட்பதில்லை. கதவைத் திறந்து உள்ளே வந்தால் போதும். கூச்சத்துக்கு இடமே இல்லை, பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே வகுப்பில். என் கணிப்பில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் இதற்கும் ஒரு கோளாறு உண்டு. அதை ரீஜென்ட் பார்க்கில் பார்க்கலாம்.

ரீஜென்ட் பார்க் என்பது டொராண்டோ நடுநகரில் கனடாவின் மிகப் பழைய பெரிய அரசுக் குடியிருப்புத் தொகுதிகளில் ஒன்று. அதை இடித்துப் புதிதாகக் கட்டியபோது 2012-ல் அங்கே ஓர் அழகான நீச்சல் மையம் திறந்தார்கள், கட்டணம் கிடையாது. நகரத்தின் நீச்சல் வகுப்புகளுக்குப் பதிவு ஒரு குறிப்பிட்ட நாள் காலை ஏழு மணிக்கு இணையத்தில் திறக்கும். நல்ல இணைப்பும் இரண்டு கணினியும் வைத்துக்கொண்டு, தேதியைக் குறித்துவைத்துக் காத்திருப்பவர்கள் நிமிடங்களில் இடங்களைப் பிடித்துவிடுவார்கள். அப்படி வெளியிலிருந்து வந்தவர்கள் வகுப்புகளை நிறைத்துவிடுகிறார்கள், எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பதில்லை என்று புகார் எழுந்தது.

காசை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வரிசை வந்து நின்றுகொள்ளும். வரிசையில் முன்னால் நிற்பவர் பெரும்பாலும் வசதி உள்ளவர்தான். பதிவு தேவைப்படாத, நேராக வந்து கலந்துகொள்ளும் நேரங்களை அதிகமாக்குவது, அந்தப் பகுதிக்காரர்களுக்கு நேரில் பதிந்துகொடுப்பது போன்ற சின்னச் சின்ன ஏற்பாடுகள் இல்லாமல் இலவசம் மட்டும் போதாது.

இடம் சார்ந்த உதவிக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. இலவச மையம் உள்ள பகுதிக்கு வெளியே வாழும் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? அதற்காக டொராண்டோ நகரம் வெல்கம் பாலிசி என்ற கட்டணச் சலுகையும் வைத்திருக்கிறது. வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால், கட்டணம் உள்ள மையங்களிலும் அதைக் கொண்டு வகுப்பில் சேரலாம். ஒரு ஓட்டையை இன்னொரு வழி அடைக்கிறது. அதனால்தான் எந்த நகரமும் ஒரே ஒரு வழியோடு நிறுத்துவதில்லை.

யாரும் கேட்கவே வேண்டாம் என்றால்?

ஒன்டாரியோ பள்ளிகளில் ஒரு நீச்சல் திட்டம் இருக்கிறது. உயிர்காப்புச் சங்கம் நடத்துவது, மானிய உதவியோடு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் குறிவைத்துத் தொடங்கியது. போட்டியில் நீந்தக் கற்றுக்கொடுப்பது அதன் நோக்கமே இல்லை. ஆழமான தண்ணீரில் தவறி விழுவதுபோல உருண்டு விழ வேண்டும், ஒரு நிமிடம் மிதந்து நிற்க வேண்டும், 50 மீட்டர் நீந்த வேண்டும். இவ்வளவுதான்.

வகுப்பு பள்ளி நேரத்தில் நடக்கும். முழு வகுப்பும் போகும். ஏரிகள் நிறைந்த மாகாணம் அது. நீச்சல் கற்பது வழக்கமில்லாத நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது உயிர் விஷயம். பெற்றோர் தேதி பார்க்க வேண்டாம், ஷிஃப்டை மாற்ற வேண்டாம், வருமானம் காட்ட வேண்டாம். நான் மேலே அடுக்கிய தடைகளில் ஏறக்குறைய எல்லாமே ஒரே வீச்சில் போய்விடுகின்றன. குறை ஒன்றே ஒன்று. அது ஒருசில வகுப்புகளோடு முடிந்துவிடும். மேலே கற்க வேண்டுமென்றால் மறுபடி அந்தக் காலை ஏழு மணி வரிசைதான்.

மேலே பார்த்த நான்கு வழிகளையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: யார் கேட்க வேண்டியிருக்கிறது, எப்போது? வரிச் சலுகையில் பெற்றோர் செலவு செய்த பிறகு கேட்க வேண்டும். கிட்ஸ்போர்ட்டில் செலவுக்கு முன்னால் கேட்கலாம். இலவச மையத்தில் கேட்க வேண்டாம், முந்திக்கொள்ள வேண்டும். பள்ளி வகுப்பில் இரண்டும் வேண்டாம்.

உள்ளே வந்த பிறகு

ரீஜென்ட் பார்க் நீச்சல் மையத்துக்குக் கண்ணாடிச் சுவர்கள். வெளியே நடப்பவர்களுக்கு உள்ளே நீந்துவது தெரியும். பெண்களுக்கு மட்டுமான நேரத்தில் திரைகளை இறக்கிவிடுவார்கள். உடை மாற்றும் இடம் எல்லோருக்கும் பொதுவானது, உள்ளே தனித்தனித் தடுப்பறைகள். சக்கர நாற்காலியில் இருக்கும் மகனை அம்மா கூட்டிவந்தாலும், மகளை அப்பா கூட்டிவந்தாலும் எந்தப் பக்கம் போவது என்ற சங்கடம் இல்லை. உள்ளடக்கம் என்பது நடைமுறையில் இதுதான். திரை, தடுப்பறை, ஒரு கால அட்டவணை. கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்திருந்தால் அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தண்ணீரில் இறங்கியிருக்கவே மாட்டார்கள்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் விளையாட்டில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். பாரா ஐஸ் ஹாக்கியில் வீரர்கள் சறுக்குவண்டியில் உட்கார்ந்து ஆடுவார்கள். ஓய்வெடுக்க வழக்கமான பெஞ்சில் ஏறி உட்கார முடியாது, வண்டியோடு பனியிலேயே இருக்க வேண்டும். அதற்குப் பனித்தளமும் பெஞ்சுப் பகுதியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், முன்னால் உள்ள தடுப்பு கண்ணாடிபோலத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டமே கண்ணுக்குத் தெரியாது. கட்டும்போதே செய்தால் சின்னச் செலவு, பிறகு இடித்துச் செய்தால் பெரிய செலவு. ஸ்கார்பரோவில் 2015 பான் அமெரிக்க விளையாட்டுகளுக்காகக் கட்டிய விளையாட்டு மையத்தில், மாற்றுத்திறனாளிகளைக் கட்டும்போதே மனதில் வைக்கும் இந்த யோசனை முதலிலேயே இருந்தது. அந்த மையம் நகரமும் டொராண்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து வைத்திருப்பது. தேசிய சக்கர நாற்காலிக் கூடைப்பந்துப் பயிற்சியும் அங்கே நடந்திருக்கிறது. ஜம்ப்ஸ்டார்ட் 2017-ல் ஐந்து ஆண்டுகளில் 5 கோடி டாலர் என்று அறிவித்தது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகளுக்குத்தான். சரிவுப் பாதை, ரப்பர் தரை என்று சக்கர நாற்காலி ஓடக்கூடிய விளையாட்டுத் திடல்கள் அதில் எழுந்தன.

உடன் வருபவருக்கு டிக்கெட் வேண்டாம் என்ற ஏற்பாடும் உண்டு. ஈஸ்டர் சீல்ஸ் அமைப்பின் அட்டையைக் காட்டினால், மாற்றுத்திறனாளியோடு துணைக்கு வருபவருக்குப் பல திரையரங்குகளிலும் பொழுதுபோக்கு இடங்களிலும் நுழைவு இலவசம். துணையில்லாமல் வர முடியாத பிள்ளையிடம் இரண்டு டிக்கெட் வாங்குவது அநியாயம் என்ற எளிய நியாயம்தான்.

மைதானத்தின் மணி

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒன்றை மறந்துவிடுவோம். மைதானத்தின் நேரமும் ஒரு நிதிதான். எந்த அணி எந்த நேரம் ஆடலாம் என்று நகரம் கொடுக்கும் எழுத்துப்பூர்வமான அனுமதிக்குப் பெர்மிட் என்று பெயர். பழைய சங்கங்கள் போன வருடம் வைத்திருந்த நேரத்தையே இந்த வருடமும் வைத்துக்கொள்வது வழக்கம். புதிதாக வருகிறவருக்கு யாரும் வேண்டாத நேரம் மிஞ்சும்.

2009-ல் டொராண்டோவில் இது பெரிய சண்டையாக வெடித்தது. லீசைட் பெண்கள் ஹாக்கிச் சங்கம் பெரிதாக வளர்ந்திருந்தது. ஆனால் நகரத்துக்குச் சொந்தமான பனி அரங்குகளில் நல்ல நேரங்கள் எல்லாம் பழக்கப்பட்ட ஆண் பிள்ளைகளின் சங்கங்களிடம் இருந்தன. நியாயமாகப் பங்கிடுங்கள் என்று நகரம் சொன்னபோது அரங்குகளை நடத்திய குழுக்கள் முணுமுணுத்தன. இதில் யாரும் யாரிடமும் ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. கேட்டது மணிகளை மட்டுமே. கிரிக்கெட் ஆட இடம் தேடும் நம் பிள்ளைகளுக்கும் இதுதான் பிரச்சினை. எல்லாத் திடல்களும் முன்பே வேறு ஆட்டங்களுக்கு எழுதிவைத்தவை.

இதற்கு ஒன்டாரியோ கண்ட ஒரு வழி எனக்குப் பிடித்தது. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களை உள்ளூர்க் குழுக்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்க, 2004 முதல் மாகாண அரசு பள்ளி வாரியங்களுக்குப் பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் எதற்கு? கூடத்தைத் திறந்து மூட, துடைக்க, ஊழியருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கொடுக்க. பந்துக்கும் சீருடைக்கும் நன்கொடை தர ஆள் கிடைப்பார்கள். துடைப்பக்காரரின் சம்பளத்துக்கு நன்கொடை தருபவரை நான் கண்டதில்லை.

முடிந்துபோகும் பணம்

2021 பட்ஜெட்டில் கனடா மத்திய அரசு உள்ளூர் விளையாட்டை எல்லோருக்கும் கொண்டுபோக 8 கோடி டாலர் ஒதுக்கியது, இரண்டு ஆண்டுகளுக்கு. இதைத் திட்ட மானியம் என்பார்கள்: குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வரும் பணம். முதல் வருடம் ஆளெடுத்துப் பெற்றோரிடம் நம்பிக்கை வாங்குவதிலேயே போய்விடும். இரண்டாம் வருடம் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். மூன்றாம் வருடம் பயிற்சியாளருக்குச் சம்பளம் இருக்காது. ஒருமுறை சேர்ந்து, பழகி, பிறகு நிறுத்தப்பட்ட பிள்ளையை மறுபடி கூப்பிட்டால் வருவது கஷ்டம். சொத்து வரி போலத் தொடர்ந்து வரும் சிறிய தொகை, ஒருமுறை வரும் பெரிய தொகையைவிடப் பிள்ளைகளுக்கு உபயோகமானது என்று நான் நினைப்பது இதனால்தான். அரசியல்வாதிகளுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அறிவிப்பு விழா வைக்கலாம்.

டொராண்டோவில் இருக்கும் பெற்றோருக்கு

பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் சங்கத்தின் பதிவாளரிடம், கட்டணம் கட்டுவதற்கு முன்பே, கிட்ஸ்போர்ட், ஜம்ப்ஸ்டார்ட் மானியங்களை ஏற்கிறீர்களா என்று கேளுங்கள். தவணையில் கட்ட முடியுமா, பழைய ஸ்கேட்டுகளை மாற்றிக்கொள்ளும் நாள் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். பல சங்கங்களில் இரண்டும் இருக்கும், கேட்காதவரிடம் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்து மையம் இலவச மையமா என்று நகரத்தின் 311 எண்ணை அழைத்தால் தெரியும். வெல்கம் பாலிசிக்கு மட்டும் சீக்கிரமே விண்ணப்பித்துவிடுங்கள். ஒப்புதல் வரச் சில வாரங்கள் பிடிக்கும். பதிவு நாளுக்கு முந்தின இரவு உட்கார்ந்தால் அந்தப் பருவம் போய்விடும்.